சேலம்–நாமக்கல் சமவெளியில் நன்னீர்: எருமப்பட்டி வட்டாரத்தின் நீர் வரலாறும் உலகின் எதிர்காலமும்

எருமப்பட்டி என்பது நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலைக்குத் தென்மேற்கே, நாமக்கல்–துறையூர் சாலையில் அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். இதே பெயரில் அமைந்த ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் இதுவே. 1997ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் நாமக்கல் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஊருக்கு வடகிழக்கே ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த மலை உள்ளது. தெற்கே சில மணி நேர நடைத் தொலைவில் காவிரி ஓடுகிறது. இருந்தும் இவ்வட்டாரத்து உழவர் பெரும்பாலும் மழையையும் கிணற்றையுமே நம்பி வாழ்ந்து வந்துள்ளனர்.

உலகின் நன்னீர் இருப்பு குறைந்து வருவது குறித்து இன்று பல நாடுகளில் விவாதிக்கப்படுகிறது. நிலத்தடி நீர் வற்றினால் என்ன நேரும், தொலைவிலுள்ள ஆற்றை எத்தனை பேர் பங்கிட முடியும், தண்ணீர் யாருக்குச் சொந்தம் ஆகியவை அவ்விவாதத்தின் முதன்மையான கேள்விகள். சேலம்–நாமக்கல் சமவெளி இக்கேள்விகளைக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாகச் சந்தித்து வருகிறது. ஏரி, திறந்தவெளிக் கிணறு, ஆழ்துளைக் கிணறு, காவிரிக் குழாய் என நீர் ஆதாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. புதிய ஆதாரம் கிடைத்தபோதெல்லாம் பழையது பராமரிப்பின்றி விடப்பட்டது.

நிலமும் மழையும்

பூமியிலுள்ள மொத்த நீரில் சுமார் 2.5 விழுக்காடு மட்டுமே நன்னீர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பனிப்பாறைகளாக உறைந்துள்ளது. ஏறத்தாழ 30 விழுக்காடு நிலத்தடியில் இருக்கிறது. ஆறுகளிலும் ஏரிகளிலும் உள்ளது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே மனிதர் எளிதில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நன்னீரில் மிகப்பெரிய பகுதி நிலத்தடி நீரே.

நிலத்தடி நீர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேங்குவதில்லை. கங்கைச் சமவெளி போன்ற வண்டல் நிலங்களில் மணலும் களிமண்ணும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை படிந்து, இடைவெளிகளில் நீரைச் சேமிக்கின்றன. சேலம்–நாமக்கல் சமவெளியின் அடியில் இருப்பது சார்னோக்கைட், நைஸ் போன்ற பழமையான கடினப் பாறை. அதன் மேற்பகுதியில் சிதைந்த பாறை அடுக்கு உள்ளது. இந்த அடுக்கின் தடிமன் பொதுவாக 10 முதல் 30 மீட்டர் வரை இருக்கும். இதில்தான் நீர் ஓரளவு தேங்குகிறது. அதற்குக் கீழே பாறையின் வெடிப்புகளில் மட்டுமே நீர் கிடைக்கும். நூறு கன மீட்டர் சிதைந்த பாறையிலிருந்து வடித்து எடுக்கக்கூடிய நீர் ஒன்று முதல் மூன்று கன மீட்டர்தான்.

நாமக்கல் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 700 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். தமிழ்நாட்டின் சராசரியான 900 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட அளவோடு ஒப்பிட இது குறைவு. கடினப் பாறை நிலத்தில் பெய்யும் மழையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே நிலத்தடிக்குச் செல்கிறது. அதாவது ஆண்டுக்கு 70 மில்லிமீட்டர் அளவு நீர் ஊறுகிறது. ஒரு போகம் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவு நீர் தேவை. அதில் பாதியை மழை தந்து, மீதியைக் கிணறு தர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கர் நெல்லுக்கு எட்டு முதல் ஒன்பது ஏக்கர் நிலத்தின் ஓராண்டு ஊற்று முழுவதும் செலவாகிவிடும். இச்சமவெளியின் நீர் வரலாறு முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கும்.

ஏரிகளும் வாய்க்கால்களும்

கொல்லிமலையில் தோன்றும் ஓடைகள் பல திசைகளில் இறங்குகின்றன. கரைபோட்டான் ஆறு இம்மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கிறது. ஐயாறு ஆகாய கங்கை அருவியாக விழுந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் செல்கிறது. சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் ஊடாக ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியை அடைகிறது. இவை ஆண்டின் சில மாதங்களில் மட்டும் ஓடும் ஆறுகள். அந்தச் சில மாத நீரைத் தேக்குவதற்காகவே அடிவாரத்தில் ஏரிகளும் குளங்களும் வெட்டப்பட்டன. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு நீர் வழியும்படி அவை சங்கிலித் தொடராக அமைக்கப்பட்டன. ஏரி வயலுக்குப் பாய்ந்ததோடு, சுற்றிலும் உள்ள கிணறுகளுக்கு ஊற்றாகவும் பயன்பட்டது.

காவிரிக் கரையை ஒட்டிய நிலங்களின் நிலை வேறு. பரமத்தி பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே படுகை அணை கட்டி, இராசவாய்க்காலை வெட்டியதாக அறியப்படுகிறது. குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும் இந்தப் பாசன அமைப்பைச் சேர்ந்தவை. இவ்வாய்க்கால்கள் பாயும் பகுதிகளில் நெல்லும் வாழையும் வெற்றிலையும் கரும்பும் விளைந்தன. வாய்க்கால் மட்டத்துக்கு மேலே இருந்த எருமப்பட்டி, சேந்தமங்கலம், புதுச்சத்திரம் பகுதிகளின் மேட்டு நிலங்களில் சோளம், கம்பு, நிலக்கடலை, ஆமணக்கு போன்ற மானாவாரிப் பயிர்களே விளைந்தன. ஒரே வட்டாரத்துக்குள் ஆற்றுப் பாசன ஊர், மேட்டு நில ஊர் என்ற வேறுபாடு அப்போதே நிலைத்துவிட்டது.

ஏரிகளைத் தூர்வாருவதும் கரைகளைப் பலப்படுத்துவதும் ஊராரின் கூட்டுப் பொறுப்பாக இருந்தது. இது குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிகள் அரசின் பொறுப்புக்குச் சென்றன. நிலவரி கிடைத்த அளவுக்குப் பராமரிப்புச் செலவு செய்யப்படவில்லை. ஊராரின் பங்கும் மெல்லக் குறைந்தது.

தாது வருடப் பஞ்சம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய தாது வருடப் பஞ்சத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 19.7 லட்சம். 1881இல் அது சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. பசி, காலரா, ஊரைவிட்டு வெளியேறுதல் ஆகிய மூன்றும் இந்த இழப்பில் அடங்கும். காவிரி அப்போதும் மாவட்டத்தின் எல்லையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேட்டு நிலத்துக்கு அதனால் பயன் கிடைக்கவில்லை.

பஞ்சத்துக்குப் பின் கிணறு வெட்டுவது பாதுகாப்பான முதலீடாகக் கருதப்பட்டது. 1883ஆம் ஆண்டின் நில மேம்பாட்டுக் கடன் சட்டம் உழவர் கிணறு வெட்டக் கடன் பெற வழி செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1882இல், இந்திய வசதியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை நில உரிமையாளர் தடையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்ற கோட்பாடு இச்சட்டத்தின் வழியாக நிலைபெற்றது. மாட்டைக் கொண்டு நீர் இறைத்த காலத்தில் இவ்வுரிமையால் பெரிய தீங்கு விளையவில்லை. ஒரு கிணற்றிலிருந்து ஒரு நாளில் எடுக்கக்கூடிய நீருக்கு மாடுகளின் உழைப்பே எல்லையாக இருந்தது.

மேட்டூர் அணை

காவிரி நீரைப் பங்கிடுவது குறித்து மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே 1924ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு மேட்டூர் அணையின் கட்டுமானம் தொடங்கியது. 1934ஆம் ஆண்டு ஆகத்து 21ஆம் நாள் அணை திறக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரால் நீர்த்தேக்கம் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப் பெயர் பெற்றது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர்.

அணை சேலம் மாவட்டத்தில் அமைந்தாலும் அதன் நீர் முதன்மையாகக் காவிரிப் படுகை மாவட்டங்களுக்கு உரியது. 1950களில் அமைந்த கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் சுமார் 45,000 ஏக்கருக்குப் பாசன வசதி தந்தன. கொல்லிமலை அடிவாரம் இக்கால்வாய்களின் எல்லைக்கு வெளியே இருந்தது. மேட்டு நிலத்துக்கு மேட்டூரிலிருந்து வேறொரு பயன் கிடைத்தது. 1937ஆம் ஆண்டு அங்கு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் வந்த பத்தாண்டுகளில் மின்கம்பிகள் கிராமங்களை எட்டியபோது, கிணற்று நீரின் அளவுக்கு இருந்த பழைய எல்லை நீங்கியது.

கவலை ஏற்றத்திலிருந்து மின்மோட்டார் வரை

மின்சாரம் வரும் முன்பு நீர் இறைக்கக் கவலை ஏற்றம் பயன்பட்டது. இரண்டு மாடுகள் சரிவான பாதையில் இறங்கிச் செல்லும்போது, வடத்தில் கட்டிய சால் கிணற்றிலிருந்து மேலே வந்து வாய்க்காலில் நீரைக் கொட்டும். விடியுமுன் தொடங்கி முற்பகல் வரை இறைத்தாலும் ஒரு சிறு பகுதி நிலமே நனையும். கிணறு வற்றும் நிலை வந்தால் மாடுகளுக்கு ஓய்வு கிடைக்கும். கிணறும் மறுநாளைக்குள் ஊறிக்கொள்ளும்.

எண்ணெய் இயந்திரமும் மின்மோட்டாரும் வந்த பின் ஒரு நாள் இறைவை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. 1960களின் பிற்பகுதியில் பசுமைப் புரட்சி கொண்டுவந்த குறுகிய கால விதைகளும் உரங்களும் உறுதியான நீர்ப்பாசனத்தைக் கேட்டன. கோவை, சேலம் மாவட்டங்களில் மோட்டார்க் கிணறுகள் பெருகின. 1984இல் சிறு உழவர்களுக்கும், 1990 முதல் உழவர் அனைவருக்கும் வேளாண் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. நிச்சயமற்ற மழையோடு போராடிய உழவருக்கு இது பெரும் துணையாக அமைந்தது. ஆற்றுப் பாசன உழவர் வாய்க்கால் நீரைக் குறைந்த செலவில் பெறும்போது மேட்டு நில உழவர் மட்டும் ஏன் செலவழிக்க வேண்டும் என்ற நியாயமும் இதில் இருந்தது. ஆனால் மின்மானி இல்லாததால் எவ்வளவு நீர் எடுக்கப்படுகிறது என்பதை அறியும் வழி இல்லாமல் போனது.

நீர்மட்டம் இறங்கியபோது உழவர் கிணற்றை ஆழப்படுத்தினர். கிணற்றின் அடியில் பக்கவாட்டில் துளைகள் இட்டனர். பிறகு கிணற்றுக்குள்ளேயே ஆழ்துளை இட்டனர். அதுவும் போதாமல் போனபோது திறந்தவெளிக் கிணற்றையே கைவிட்டனர்.

ஆழ்துளைக் கிணறும் திருச்செங்கோடும்

நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோடு நகரம் இந்தியாவின் ஆழ்துளைக் கிணற்றுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இங்கிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் பல மாநிலங்களுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்று துளையிடுகின்றன. காற்றழுத்தத்தால் இயங்கும் சுத்தியல் பாறையை நொறுக்கிக்கொண்டே இறங்குவதால், கிணறு வெட்டுவோர் பல மாதம் செய்த வேலை ஒரே இரவில் முடிகிறது. பாறை மிகுந்த, நீர் குறைந்த ஒரு வட்டாரம் தன் தேவையிலிருந்தே இத்தொழிலை வளர்த்து உலகுக்கு அனுப்பியது.

இச்சமவெளியில் ஆயிரம் அடியைத் தாண்டிய துளைகள் இன்று அரிதல்ல. ஆனால் கடினப் பாறையில் ஆழம் கூடக் கூட நீர் கூடுவதில்லை. ஆழத்தில் வெடிப்புகள் குறைகின்றன. இருக்கும் வெடிப்புகளும் நெருங்கிவிடுகின்றன. நீர் இருக்கும் வெடிப்பைத் துளை தொடாவிட்டால் புழுதிதான் மேலே வரும். அதற்கான செலவு உழவரின் கடனாக நிற்கும். நீர் கிடைத்தாலும் அது நிலையானதன்று. ஒரே வெடிப்பில் பக்கத்துத் தோட்டத்தார் இன்னும் ஆழமாகத் துளையிட்டால், முன்னவரின் துளை வற்றும். 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இருவர் செய்ததும் சரியே. பெரும் பணம் உள்ளவர் கடைசி வரை நீர் எடுப்பதும், சிறு உழவர் முதலில் விலகுவதும் இதன் விளைவு.

பயிர், முட்டை, மறைநீர்

நீர் குறைந்த நிலத்தில் வாழ்வதற்கான மாற்று வழிகளையும் இவ்வட்டாரம் கண்டறிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு சவ்வரிசி வரத்து நின்றதால் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி தயாரிக்கும் தொழில் தொடங்கியது. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மரவள்ளி வறட்சியைத் தாங்கும் பயிர். ஆனால் நல்ல விளைச்சலுக்காக அதுவும் பாசனப் பயிராக மாறியது. கிழங்கைக் கழுவி மாவு பிரிக்கும் ஆலைகளுக்கும் மிகுந்த நீர் தேவைப்படுகிறது.

நாமக்கல்லின் முட்டைக் கோழிப் பண்ணைகள் இன்னொரு வழியைக் காட்டுகின்றன. ஒரு கோழி நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் கால் லிட்டர் நீர். ஆனால் 60 கிராம் எடையுள்ள ஒரு முட்டையை உருவாக்க உலகச் சராசரியாக ஏறத்தாழ 200 லிட்டர் நீர் செலவாவதாக ஆய்வுகள் கணக்கிடுகின்றன. இதில் பெரும்பகுதி தீவனமான மக்காச்சோளமும் சோயாவும் விளையச் செலவான நீர். பொருளுக்குள் இவ்வாறு மறைந்திருக்கும் நீர் மறைநீர் எனப்படுகிறது. இக்கருத்தை 1990களில் முன்வைத்த பிரித்தானிய அறிஞர் டோனி ஆலன் 2008இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு பெற்றார். தீவனத்தின் கணிசமான பகுதி வெளி மாநிலங்களிலிருந்து வருவதால், நாமக்கல் வேறொரு நிலத்தின் மழையை முட்டையாக மாற்றி விற்கிறது எனலாம். உலக உணவு வணிகமும் இவ்வாறே நீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது.

குழாயில் வரும் காவிரி

வேளாண்மைக்கு அடுத்தபடியாகக் குடிநீரும் நிலத்தடியிலிருந்து விலகத் தொடங்கியது. பாறை நிலத்தின் ஆழ்துளை நீரில் சில பகுதிகளில் ஃபுளோரைடு மிகுந்து, பற்களையும் எலும்புகளையும் பாதித்தது. அண்டை மாவட்டங்களான தர்மபுரி, கிருட்டிணகிரிக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் நகரங்களும் பல கிராமங்களும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைச் சார்ந்துள்ளன.

தொலைவிலுள்ள நகரங்களும் இதே ஆற்றை நாடுகின்றன. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, சூலை 12ஆம் நாள் முதல் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் அனுப்பப்பட்டது. 50 பெட்டிகள் கொண்ட ஒரு வண்டி 25 லட்சம் லிட்டர் நீரைக் கொண்டு சென்றது. அது மேட்டூரிலிருந்து குழாய் வழியே வந்த காவிரி நீர்.

பங்காளிகள் பெருகினாலும் ஆற்றின் அளவு பெருகவில்லை. 1990இல் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அளித்த இறுதித் தீர்ப்பில் மொத்த நீரை 740 டி.எம்.சி. எனக் கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை 404.25 டி.எம்.சி. ஆகக் குறைத்தது. காவிரிப் படுகையின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி. கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டதும், பெங்களூருவின் குடிநீர்த் தேவையும் இக்குறைப்புக்கான காரணங்கள். ஆற்று நீரும் நிலத்தடி நீரும் ஒரே கணக்கில் சேர்க்கப்பட்டது இத்தீர்ப்பின் முக்கிய அம்சம்.

வறட்சியும் வெள்ளமும்

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. தாது வருடப் பஞ்சம் தொடங்கிய 1876ஆம் ஆண்டுக்குப் பிறகு இவ்வளவு மோசமான பருவமழை பெய்ததில்லை எனக் கூறப்பட்டது. 2017 சனவரி 10ஆம் நாள் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 1876இல் போலப் பட்டினிச் சாவுகள் நேராததற்குப் பொது விநியோகத் திட்டமும் போக்குவரத்தும் காரணம். நிலத்தடி நீர் இருப்பு மேம்பட்டதால் அன்று. அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. 2018 ஆகத்தில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. ஆகத்து 22ஆம் நாள் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் உடைந்தன. காவிரியில் வெள்ளம் சென்ற அதே நாட்களில் மேட்டு நிலத்தின் ஏரிகள் பல வறண்டு கிடந்தன.

இந்த முரண்பாட்டைக் குறைக்கும் நோக்கில், மேட்டூர் அணையின் உபரி நீரைச் சேலம் மாவட்டத்தின் சரபங்கா வடிநிலத்தில் உள்ள 100 ஏரிகளுக்கு ஏற்றும் திட்டத்துக்கு 2020ஆம் ஆண்டு மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 565 கோடி ரூபாய். காவிரியைச் சரபங்கா, திருமணிமுத்தாறு, ஐயாறு ஆகியவற்றுடன் இணைக்க வேண்டும் என்பது நாமக்கல் வட்டார உழவர்களின் கோரிக்கையாகத் தொடர்கிறது. உபரி நீர் எல்லா ஆண்டுகளிலும் வருவதில்லை என்பதும், ஏரிகளின் வரத்து வாய்க்கால்கள் ஆக்கிரமிப்பின்றி இருந்தால்தான் நீர் தேங்கும் என்பதும் இத்தகைய திட்டங்களின் வரம்புகள்.

சட்டமும் கணக்கெடுப்பும்

தமிழ்நாடு 2003ஆம் ஆண்டு இரண்டு முக்கிய நடவடிக்கைகளை எடுத்தது. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. முதலாவது நாட்டுக்கே முன்மாதிரியானது. இரண்டாவது முழுமையாக நடைமுறைக்கு வராமலே 2013இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

2017ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462 அளவுக்கு மீறி நிலத்தடி நீர் எடுப்பவை. 2020 மதிப்பீட்டில் இது 435 ஆகக் குறைந்தது. பாதுகாப்பானவை 427இலிருந்து 409 ஆகச் சுருங்கின. ஒரு நல்ல மழைக்காலம் நெருக்கடியைத் தள்ளிப்போடும். ஆனால் இறைக்கும் அளவு மாறாத வரை அது திரும்ப வரும்.

உலகமும் எதிர்காலமும்

உலகில் மிக அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. உலகம் எடுக்கும் நிலத்தடி நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இங்கே எடுக்கப்படுகிறது. உலக நன்னீர்ப் பயன்பாட்டில் சுமார் 70 விழுக்காடு வேளாண்மைக்குச் செல்கிறது. வடஇந்தியாவில் 2002 முதல் 2008 வரை ஏறத்தாழ 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததாக, செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2009இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அமெரிக்காவின் ஒகல்லாலா நீரடுக்கிலும் இதே போக்கு காணப்படுகிறது. இவை ஆழமான நீரடுக்குகள் என்பதால் குறைபாடு வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நாமக்கல்லின் பாறை நிலத்தில் இரண்டு மழை பொய்த்தாலே கிணறு வற்றிவிடும். ஆழமான நீரடுக்குகளை நம்பிய நாடுகள் பின்னால் சந்திக்கவிருப்பதை இச்சமவெளி முன்பே சந்தித்துவிட்டது.

பாறை நிலத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. விரைவில் வற்றுவது போலவே நல்ல மழையில் விரைவில் நிரம்பவும் செய்யும். எனவே ஆண்டுக்கு ஆண்டு வரவையும் செலவையும் சமன் செய்ய இங்கு வாய்ப்பு உள்ளது. மகாராட்டிரத்தின் அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்தில் உள்ள இவரே பசார் கிராமம் இதற்கு எடுத்துக்காட்டு. 1990களிலிருந்து அவ்வூரார் தடுப்பணைகளும் வரப்புகளும் அமைத்ததோடு, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதைக் கூட்டாகத் தடை செய்தனர். ஒவ்வோர் ஆண்டும் பெய்த மழையைக் கணக்கிட்டு அதற்கேற்ப எந்தப் பயிரை எவ்வளவு பரப்பில் இடுவது என முடிவு செய்கின்றனர்.

தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு உழவர்களுக்கு முழு மானியம் வழங்கப்படுகிறது. 2017இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. ஆனால் சொட்டுநீரால் மிச்சமாகும் நீரைக் கொண்டு பயிர்ப் பரப்பை விரிவாக்கினால் நிலத்தடியில் எதுவும் மிஞ்சாது. தூர்வாரிய ஏரியைச் சுற்றி எல்லோரும் ஆழ்துளை இட்டால் ஊறிய நீரும் நிலைக்காது. கருவிகளால் மட்டும் தீராத இச்சிக்கலுக்கு, ஒரே பாறையின் நீரைப் பகிரும் உழவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்பாடும், அதற்கு அடிப்படையாக நீர்மட்ட அளவீடும் தேவை. எருமப்பட்டி போன்ற மேட்டு நில ஊர்களில் ஓராண்டு ஊற்று எவ்வளவு என்பது கணக்கிடக்கூடியதே. அக்கணக்குக்குள் பயிரிட அந்தந்த ஊரார் இசைவார்களா என்பதைப் பொறுத்தே இவ்வட்டாரத்தின் நன்னீர் எதிர்காலம் அமையும்.